அமெரிக்கத் தெற்கில் காடை வேட்டை ஏன் அருகிப்போனது?

கேள்வி இது: அமெரிக்காவின் தென் மாநிலங்களில் ஒரு காலத்தில் ஊருக்கு ஊர் நடந்த காடை வேட்டை ஏன் இப்படி அருகிப்போனது? அளவில்லாமல் சுட்டுத் தள்ளியதால்தானே பறவை குறைந்தது? வேட்டையைத் தடை செய்தால் திரும்பி வந்துவிடாதா?

துப்பாக்கி இதில் முக்கியக் காரணம் இல்லை. பறவை வாழ்ந்த நிலம் போனது, அதனால் பறவை போனது. பறவை போனதும் வேட்டைக்காரர்கள் வேறு வேட்டைக்குப் போய்விட்டார்கள். அவர்கள் போனதும் அந்த நிலத்துக்காகப் பேச இருந்த ஆட்களும் குறைந்துவிட்டார்கள். தடை போட்டால் இதில் எதுவும் சரியாகாது. ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இதே தவறான விளக்கத்தைப் பல இடங்களில் பார்க்கிறேன்.

முதலில் பறவை. அங்கே காடை என்றால் பாப்வொயிட் காடை. அது நம்மூர்க் கடைகளில் விற்கும் பண்ணைக் காடை இல்லை. அமெரிக்கக் கண்டங்களுக்கே உரிய தனிக் குடும்பத்தைச் சேர்ந்தது. வசந்த காலத்தில் சேவல் வேலிக் கம்பத்தில் ஏறி நின்று 'பாப்-வொயிட்' என்று சீட்டியடிப்பது போலக் கூவும், பெயர் அப்படித்தான் வந்தது. இலையுதிர் காலம் வந்ததும் பத்துப் பன்னிரண்டு பறவைகள் ஒரு கூட்டமாகச் சேர்ந்துகொள்ளும். இரவில் வால்களை உள்ளேயும் தலைகளை வெளியேயும் வைத்துத் தரையில் வட்டமாக ஒட்டி உட்காரும். குளிருக்கும் இதமாக இருக்கும், ஆபத்து வந்தால் ஒன்றோடொன்று மோதாமல் எல்லாத் திசையிலும் பறக்கவும் முடியும். வேட்டை என்பது இந்தக் கூட்டத்தைத் தேடிப் போவதுதான். பாயின்டர், செட்டர் வகை நாய்கள் புல்வெளியில் குறுக்கும் நெடுக்கும் ஓடி மோப்பம் பிடித்து, கூட்டம் பதுங்கிய இடத்துக்கு முன்னால் அசையாமல் நின்றுவிடும். வேட்டைக்காரர் நடந்து முன்னே போனதும் மொத்தக் கூட்டமும் படபடவென்று காலடியிலிருந்து எழும்.

வாத்து போன்ற நீர்ப்பறவை வேட்டையிலிருந்து பிரித்து, காடை, ஃபெசன்ட், கிரவுஸ் போன்றவற்றை மேட்டுநில வேட்டைப் பறவைகள் என்பார்கள். அவற்றில் தெற்கின் ராஜா காடைதான். ஜார்ஜியா மாநில வனவிலங்குத் துறையின் கணக்குப்படி, 1962இல் சுமார் 1,35,000 பேர் காடை வேட்டைக்குப் போய் ஏறத்தாழ 40 லட்சம் பறவைகளைச் சுட்டார்கள். ஒரே மாநிலத்தில், ஒரே ஆண்டில். 1966இல் தொடங்கிய வட அமெரிக்க இனப்பெருக்கப் பறவைக் கணக்கெடுப்பு அதற்குப் பிறகான சரிவைப் பதிவு செய்திருக்கிறது: பாப்வொயிட் 80 சதவீதத்துக்கும் மேல் குறைந்துவிட்டது.

இந்த 40 லட்சத்தைப் பார்த்ததும் "பாருங்கள், இப்படிச் சுட்டால் எப்படி மிஞ்சும்?" என்று தோன்றும். ஆனால் காடையின் வாழ்க்கைக் கணக்கு வேறு. யாருமே சுடாவிட்டாலும் ஒரு வருடத்தில் பத்துக் காடைகளில் ஏழெட்டு செத்துப்போகும். பருந்து, பாம்பு, ரக்கூன், குளிர், மழை என்று எல்லாமே அதற்கு எதிரி. அதை ஈடுகட்டத்தான் பெட்டை ஒரு கூட்டில் பன்னிரண்டு, பதினான்கு முட்டை இடுகிறது. கூடு அழிந்தால் மறுபடி கட்டுகிறது, சில கூடுகளில் சேவலே அடைகாக்கிறது. நிலம் நன்றாக இருக்கும் வரை, குளிர்காலத்தில் சுடப்பட்ட பறவைகளின் இடத்தை அடுத்த கோடைக் குஞ்சுகள் நிரப்பிவிடும். இதற்கும் எல்லை உண்டு. பருவத்தின் கடைசியில், பிப்ரவரியில் சுடப்படும் பறவை பெரும்பாலும் வசந்தத்தில் கூடு கட்டியிருக்க வேண்டிய பறவை. அதனால்தான் நன்றாக நடத்தப்படும் வேட்டை நிலங்களில் இலையுதிர் காலத் தொகையில் 15 சதவீதம் அளவோடு நிறுத்திக்கொள்கிறார்கள். வேட்டையால் பாதிப்பே இல்லை என்று நான் சொல்லவில்லை. யாரும் சுடாத நிலங்களிலும் காடை காணாமல் போனதற்கு வேட்டை விளக்கம் ஆகாது என்கிறேன்.

சரி, காடைக்கு எப்படிப்பட்ட நிலம் வேண்டும்? இங்குதான் விஷயமே இருக்கிறது.

முட்டையிலிருந்து வெளிவந்த காடைக் குஞ்சு பெரிய வண்டு ஒன்றின் அளவுதான் இருக்கும். பிறந்த அன்றே நடக்கும், ஆனால் தானே இரை தேட வேண்டும். முதல் இரண்டு வாரம் அதற்கு வேண்டியது பூச்சி. தானியம் தின்று அந்த வேகத்தில் வளர முடியாது. அந்தச் சிறிய கால்களால் நடக்க வேண்டுமென்றால் தரை வெறுமையாக, மண் தெரிகிற மாதிரி இருக்க வேண்டும். அதே சமயம் மேலிருந்து பருந்து பார்க்காதபடி தலைக்கு மேல் இலைக்கூரை வேண்டும். கீழே திறந்த மண், மேலே குடை விரித்த களைச்செடி. இந்த அமைப்பைத் தருவது எது தெரியுமா? விவசாயிகள் திட்டிக்கொண்டே பிடுங்கும் செடிகள். நம்மூர்ப் பார்த்தீனியத்துக்கு உறவான ராக்வீட், ஆவாரைக்கு உறவான பார்ட்ரிட்ஜ் பீ போன்றவை. பூச்சிகள் அவற்றில் மொய்க்கும், பின்னால் விதையும் கிடைக்கும்.

கூடு கட்ட வேறு இடம் வேண்டும். புரூம்செட்ஜ் மாதிரி கொத்துக் கொத்தாக வளரும் புல்லில், போன வருடத்துக் காய்ந்த தாள் கொஞ்சம் நின்றிருக்க வேண்டும். பருந்திடமிருந்தும் வெயிலிடமிருந்தும் ஒளிய முள்ளும் புதரும் வேண்டும். இவை மூன்றும் ஒன்றுக்கொன்று சில நூறு அடிக்குள் இருக்க வேண்டும், ஏனென்றால் காடை தூரமாகப் போகும் பறவை இல்லை. இதில் எதுவும் நிலையாக நிற்கவும் நிற்காது. இன்று களையாக இருப்பது மூன்று வருடத்தில் புதராகும், பத்து வருடத்தில் இளங்காடாகும். அப்போது அங்கே காடை இருக்காது. ஆகவே யாரோ, எதுவோ, அந்த நிலத்தை ஓயாமல் கலைத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

ஐரோப்பியர் வருவதற்கு முன் அதைச் செய்தது தீ. வர்ஜீனியாவிலிருந்து டெக்சாஸ் வரை சுமார் 9 கோடி ஏக்கரில் லாங்லீஃப் பைன் காடு பரந்திருந்தது. காடு என்றால் இருட்டுக் காடு இல்லை. மரங்கள் தள்ளித் தள்ளி நிற்க, கீழே வெயில் விழுந்து புல்லும் பூவும் நிறைந்த வெளி. மின்னல் விழுந்தும், பூர்வகுடிகள் வேண்டுமென்றே வைத்தும், இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை தரைத்தீ ஓடும். தீ உயராது, வளர்ந்த லாங்லீஃப் மரத்துக்கு ஒன்றும் ஆகாது, அதன் கன்றுகூடப் புல்லைப் போலத் தரையோடு இருந்து தீயைத் தாங்கும். இன்று அந்தக் காட்டில் எஞ்சியிருப்பது மிகச் சிறிய பகுதி. 1990களில் அது 30 லட்சம் ஏக்கர் அளவுக்கு இறங்கியிருந்தது.

காடு வெட்டப்பட்ட பிறகும் காடை போகவில்லை, இன்னும் பெருகியது. உள்நாட்டுப் போருக்குப் பின் தெற்கின் நிலங்களில் பெரும்பகுதி வாரச் சாகுபடியில், அதாவது விளைச்சலில் ஒரு பங்கை நிலக்காரருக்குக் கொடுத்துப் பயிரிடும் முறையில் இருந்தது. முன்பு அடிமைகளாக இருந்த கறுப்பின மக்களும் ஏழை வெள்ளையர்களும் சின்னச் சின்ன வயல்களில், கோவேறு கழுதை ஏரில், பருத்தியும் மக்காச்சோளமும் போட்டார்கள். வயல் ஓரமெல்லாம் முள்ளும் களையும். மண் சோர்ந்தால் இரண்டு வருடம் தரிசு. குளிர்கால முடிவில் காட்டுப் பக்கம் தீ வைத்துக் கொளுத்துவது ஊர் வழக்கம். இதில் எதையும் காடைக்காக யாரும் செய்யவில்லை, ஆனால் எல்லாமே காடைக்குத் தோதாக அமைந்துவிட்டது. அந்த முறை மனிதர்களுக்கு எவ்வளவு கொடுமையானது என்பதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். கடனிலேயே பிறந்து கடனிலேயே செத்த குடும்பங்கள் அவை. "அந்தக் காலத்தில் எவ்வளவு காடை" என்று ஏங்கிப் பேசும் சிலர் இதை விட்டுவிடுகிறார்கள், அது சரியில்லை. அந்த வாழ்க்கை திரும்ப வரக்கூடாது. அப்படியானால் அன்று தற்செயலாகக் கிடைத்த வாழிடத்தை இன்று தெரிந்தே, உழைத்து, செலவு செய்துதான் உருவாக்க வேண்டும்.

வாரக் குடிகள் வடக்கு நகரங்களுக்குப் போனார்கள், டிராக்டர் வந்தது. சின்ன வயல்கள் ஒன்றாகி, ஓரத்துப் புதரெல்லாம் உழப்பட்டது. களைக்கொல்லி வந்ததும் வயலுக்குள் இருந்த களையும், அதிலிருந்த பூச்சியும் போயின. கென்டக்கி, டென்னசி, மிசௌரி பக்கம் கால்நடைக்காக டால் ஃபெஸ்க்யூ என்ற வெளிநாட்டுப் புல்லை விதைத்தார்கள். 1943இல் வெளியான 'கென்டக்கி 31' ரகம் கோடிக்கணக்கான ஏக்கரைப் பிடித்தது. பார்க்கப் பச்சைப்பசேல் என்று இருக்கும். ஆனால் தரையில் பாய் விரித்த மாதிரி அடர்ந்து வளர்வதால் குஞ்சு அதற்குள் ஓர் அடி நகர முடியாது. இன்னும் தெற்கே வயல்கள் பைன் தோட்டங்களாகின. காகித ஆலைகளுக்கு மரம் வேண்டும், 1956இல் வந்த 'மண் வங்கி' திட்டம் மரம் நட மானியம் கொடுத்தது. நெருக்கமாக நட்ட பைன் ஏழெட்டு வருடத்தில் மேலே மூடிக்கொள்ளும், கீழே ஊசியிலைக் குப்பை மட்டும். வரைபடத்தில் அது காடு, காடைக்கு அது பாலை.

எல்லாவற்றையும்விட எனக்கு ஆற்றாமையாக இருப்பது தீயின் விஷயம். கிராமத்து மக்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்துவந்த கொளுத்தலை, வனவியல் படித்தவர்கள் அறியாமை என்று ஒதுக்கினார்கள். 1920களின் கடைசியில் 'டிக்சி குருசேடர்ஸ்' என்ற பெயரில் லாரிகளில் திரைப்படக் கருவிகளோடு ஊர் ஊராகப் போய்க் காட்டுத்தீ கெட்டது என்று பிரசாரம் செய்தார்கள். 1944இல் காட்டுத்தீ எச்சரிக்கை விளம்பரங்களின் சின்னமான ஸ்மோக்கி கரடி வந்தது. ஒரு தலைமுறைக்குள் தெற்கின் பெரும்பகுதியில் தீ நின்றுவிட்டது.

இது தவறு என்று அப்போதே சொன்ன ஒருவர் இருந்தார். ஹெர்பர்ட் ஸ்டாடார்ட், கல்லூரிப் பட்டம் இல்லாதவர். ஜார்ஜியாவின் தாமஸ்வில்லுக்கும் ஃப்ளோரிடாவின் டலஹாசிக்கும் நடுவே ரெட் ஹில்ஸ் என்ற பகுதி இருக்கிறது. வடக்கிலிருந்து வந்த பணக்காரர்கள் குளிர்கால வேட்டைக்காக அங்கே பெரிய பண்ணைகளை வாங்கி வைத்திருந்தார்கள். காடை குறைகிறதே என்று கவலைப்பட்டு அவர்கள் பணம் போட, 1924இல் மத்திய அரசின் உயிரியல் ஆய்வுத்துறை ஸ்டாடார்டை அங்கு அனுப்பியது. ஐந்தாண்டு காடைக்கூடுகளைப் பின்தொடர்ந்து அவர் கண்டது, தீ நின்ற இடத்தில் காடையும் நிற்காது என்பதுதான். 1931இல் ஆய்வு நூலாக வந்தபோது, தீயைப் பற்றிய பகுதியை வனத்துறையினரின் எதிர்ப்பால் மென்மைப்படுத்த வேண்டியிருந்தது. ஆனால் ரெட் ஹில்ஸ் பண்ணைக்காரர்கள் அவர் சொன்னதைக் கேட்டுத் தொடர்ந்து கொளுத்தினார்கள். 1958இல் அங்கேயே டால் டிம்பர்ஸ் ஆய்வு நிலையம் தொடங்கப்பட்டது. இன்றும் அந்தப் பகுதியில் நல்ல பண்ணைகளில் ஏக்கருக்கு ஒரு காடை, சில இடங்களில் அதற்கும் மேல் உண்டு. அங்கே வேட்டை ஒரு வருடம்கூட நின்றதில்லை. "சுட்டதால் அழிந்தது" என்பவர்களுக்கு இதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியாது.

வேறு பறவை, வேறு நாடு என்று பார்த்தாலும் இதே கதைதான். இங்கிலாந்தில் சாம்பல் கௌதாரி 90 சதவீதத்துக்கு மேல் சரிந்ததற்கு ஆய்வாளர் டிக் பாட்ஸ் சசெக்ஸ் வயல்களில் ஆண்டுக்கணக்காகத் தேடிக் கண்ட முக்கியக் காரணம், களைக்கொல்லியால் களை போய், களையோடு பூச்சி போய், குஞ்சு பட்டினி கிடந்தது. அமெரிக்காவின் மத்திய மேற்கில் ஃபெசன்ட், சீனாவிலிருந்து கொண்டுவந்து விட்ட பறவைதான் என்றாலும், புல்நிலம் இருந்தால் பெருகும், இல்லாவிட்டால் சுருங்கும். 1985 வேளாண் சட்டத்தில் நிலத்தை உழாமல் விட விவசாயிக்கு வாடகை தரும் திட்டம் வந்து, 2007இல் 3.68 கோடி ஏக்கர் வரை போனது. அந்த ஆண்டு தெற்கு டகோட்டாவில் 20 லட்சத்துக்கு மேல் ஃபெசன்ட் வேட்டையாடப்பட்டது. பிறகு எத்தனால் எரிபொருளுக்காக மக்காச்சோள விலை ஏறியது, ஒப்பந்தம் முடிந்த புல்நிலங்கள் உழப்பட்டன. 2014 சட்டம் திட்டத்தின் உச்சவரம்பையே 2.4 கோடியாகக் குறைத்தது. அயோவாவில் 2003இல் 10 லட்சத்தைத் தாண்டிய வேட்டை, 2011இல் 1 லட்சத்தைச் சற்றே தாண்டியது. கடும்பனியும் ஈர வசந்தங்களும் அதில் பங்கு வகித்தன, ஆனால் ஒண்டப் புல் இருந்திருந்தால் அவ்வளவு அடி விழுந்திருக்காது. அதே 1985 திட்டம் ஜார்ஜியாவில் என்ன செய்தது என்றால், புல்லுக்குப் பதிலாக இன்னும் பைன் நட்டது.

இப்போது வேட்டைக்காரர்கள் பக்கம். காடை வேட்டைக்கு நாய் வேண்டும். ஒரு பாயின்டரைப் பழக்க இரண்டு வருடம், அதற்குத் தினமும் பறவை மோப்பம் கிடைக்க வேண்டும். நாள் முழுக்க நடந்தும் ஒரு கூட்டம்கூட எழவில்லை என்றால் அடுத்த தலைமுறை நாய் வளர்க்காது. காடை போன அதே காலத்தில், மூடிக்கொண்ட காடுகளில் மான் பெருகியது. ஆட்கள் மான் வேட்டைக்கு மாறினார்கள். 1937இல் வந்த பிட்மன்-ராபர்ட்சன் சட்டப்படி நீளத் துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் விதிக்கப்படும் 11 சதவீத வரி மாநில வனவிலங்குத் துறைகளுக்குப் போகிறது. வேட்டையாடாதவர்களும் துப்பாக்கி வாங்குவதால் அந்தத் தொகை இன்று குறைந்துவிடவில்லை. ஆனால் அதைக் காடை நிலத்துக்குச் செலவிடுங்கள் என்று கூட்டத்தில் எழுந்து கேட்க ஆள் இல்லை, கேட்பவர்கள் மானைக் கேட்கிறார்கள். இதில் இன்னொரு இழப்பும் உண்டு. சனிக்கிழமை காலையில் யார் வேண்டுமானாலும் பக்கத்து வயலுக்குப் போய் ஆடிய வேட்டை, இன்று காட்டுக் காடை என்றால் பெரும்பாலும் பெரும்பண்ணை வைத்திருப்பவருக்கும் அவர் விருந்தினருக்கும் மட்டுமே என்றாகிவிட்டது.

மற்றவர்கள் சுடுவது கூண்டில் வளர்த்து, காலையில் புதரில் வைத்துவிட்ட பறவை. ஜார்ஜியாவில் இன்று சுடப்படும் காடைகளில் பெரும்பாலானவை இப்படிப்பட்டவை. விளையாட்டாக அது இருந்துவிட்டுப் போகட்டும், ஆனால் இதைக் காடையை மீட்கும் வழியாக விற்பவர்களை நம்பாதீர்கள். கூண்டில் வளர்ந்தவை பருந்தைப் பார்த்தால் என்ன செய்வதென்று தாயிடம் கற்றதில்லை, பெரும்பாலும் சில வாரங்களில் செத்துப்போகும். பல மாநிலங்கள் பல பத்தாண்டுகள் விட்டுப் பார்த்துக் கைவிட்ட முறை இது. "எல்லாம் கொயோட்டால் வந்தது" என்று நரி போன்ற அந்த விலங்கின் மேல் பழி போடும் பேச்சும் அப்படித்தான். ரக்கூன், ஸ்கங்க், தீயெறும்பு எல்லாம் கூடுகளுக்குச் சேதம் செய்வது உண்மை. தோல் விலை விழுந்து கண்ணி வைப்பவர்கள் போன பிறகு ரக்கூன் கூடியதும் உண்மை. ஆனால் ஒளிய இடமே இல்லாத நிலத்தில் எத்தனை ரக்கூனைப் பிடித்தாலும் காடை வராது.

வருவது நிலம் சரியானால்தான். பைனைக் கலைத்து வெட்டி வெயிலைத் தரைக்கு விட வேண்டும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் இல்லாமல் துண்டு துண்டாகக் கொளுத்த வேண்டும். தரிசில் குளிர்காலத்தில் கலப்பை ஓட்டினால் ராக்வீட் தானே முளைக்கும். ஜார்ஜியா மாநிலம் 1999 முதல் இதற்கென்று ஒரு திட்டம் வைத்து வயல் ஓரம் விட்டவர்களுக்குப் பணம் கொடுத்தது. 2015இல் ஜார்ஜியாவில் பிடித்த காட்டுக் காடைகளை நியூ ஜெர்சியின் பைன் பேரன்ஸ் என்ற பைன் காட்டுப் பகுதியில் ஒரு கிரான்பெரி பண்ணையில் விட்டார்கள். அங்கே காடை கிட்டத்தட்ட மறைந்துபோயிருந்தது. வந்தவை கூடு கட்டிக் குஞ்சு பொரித்தன. பண்ணைக்காரர் முன்பே மரத்தைக் கலைத்து, கொளுத்தி வைத்திருந்ததுதான் அதற்குக் காரணம். இந்த வேலையால் காடை மட்டும் பிழைப்பதில்லை. ரெட்-காக்கேடட் மரங்கொத்தி, பேக்மன் சிட்டு, கோஃபர் ஆமை எல்லாம் அதே நிலத்து உயிர்கள்.

தடை என்ற கேள்விக்கு வருகிறேன். பறவை மிகக் குறைந்துவிட்ட ஒரு பொதுநிலத்தில் சில வருடம் வேட்டையை நிறுத்துவது நியாயம்தான், மாநிலங்கள் அதைச் செய்யவும் செய்கின்றன. ஆனால் மாநிலம் முழுக்கத் தடை என்றால், தன் கைப்பணத்தில் மரம் வெட்டித் தீ வைக்கும் நிலக்காரருக்கு அதைச் செய்யக் காரணம் இல்லாமல் போகும். தென்கிழக்கில் நிலம் பெரும்பாலும் தனியாருடையது. அவர் அடுத்த வருடமே நெருக்கமாகப் பைன் நட்டுவிடுவார், அதைத் தடுக்கச் சட்டம் இல்லை.

பெரிய சிக்கல் பரப்பளவு. ஒரு காடைத்தொகை நிலைத்து நிற்க ஆயிரம், இரண்டாயிரம் ஏக்கராவது தொடர்ச்சியாக வேண்டும். ஆனால் பெரும்பாலானவர்களிடம் இருப்பது ஐம்பது, நூறு ஏக்கர். அட்லாண்டா பக்கம் வேலை பார்த்துக்கொண்டு தெற்கே கொஞ்சம் நிலம் வாங்கிப் போட்டிருக்கும் நம்மவர்கள் சிலரும் இந்தப் பதிலைப் படிக்கலாம், அவர்களுக்காக: ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை வயல் ஓரத்தை வெட்டாதீர்கள், அதுதான் கூட்டுக் காலம். ஃபெஸ்க்யூவோ பெர்முடா புல்லோ இருந்தால் அதை ஒழிப்பது முதல் வேலை. தீ வைக்க மாநில வனவாரியத்தின் அனுமதி வேண்டும். முதல் தடவை தெரிந்தவர்கள் இல்லாமல் இறங்க வேண்டாம், பயிற்சி வகுப்புகளும் உண்டு. காடை இருக்கிறதா என்று பார்க்க, அக்டோபர் கடைசி அல்லது நவம்பர் தொடக்கத்தில், சூரியன் உதிக்க அரைமணி நேரத்துக்கு முன்னால் வெளியே போய் நில்லுங்கள். கூட்டங்கள் ஒன்றையொன்று கூப்பிடும் குரல் அந்த நேரத்தில்தான் கேட்கும். ஒன்றுமே கேட்கவில்லை என்றால் கூண்டுப் பறவைகளை வாங்கித் திறந்துவிட வேண்டாம், முதலில் சுற்றியுள்ள நிலக்காரர்களிடம் பேசுங்கள். நான்கைந்து பேர் சேர்ந்தால் மாநிலத்தின் காடை உயிரியலாளர் நிலத்தைப் பார்க்க வருவார், கட்டணம் கிடையாது.